தோள் மூட்டு திரும்பத் திரும்பக் கழல்கிறது: பயிற்சி போதுமா, ஆபரேஷன் தேவையா?

கேள்வி, 17 ஜனவரி 2024

என் மகனுக்கு 20 வயது. ஓமலூர் பக்கம் கபடி ஆடுகிறான். இரண்டு வருடத்தில் வலது தோள் மூன்று முறை கழன்றுவிட்டது. மூன்று முறையும் ஊரில் கட்டுக் கட்டுகிறவர்தான் இழுத்து உட்கார வைத்தார். கடைசியாகக் கழன்றது போன வாரம், பொங்கல் போட்டிக்குத் தயாரானபோது. இப்போது வலி குறைந்துவிட்டது, கையைத் தூக்குகிறான். சேலத்தில் காட்டினோம், ஆபரேஷன் வரைக்கும் பேசுகிறார்கள். மூட்டு உட்கார்ந்துவிட்டால் குணமாகிவிட்டது என்றுதானே அர்த்தம்? பயிற்சி செய்தால் போதாதா?

18 ஜனவரி 2024, காலை

அக்கா, எனக்கும் இதே கதைதான். இடது தோள். 2004 பொங்கலுக்கு ஏற்காட்டில் கபடி ஆடும்போது முதல் தடவை. அப்போது எனக்கு 21 வயது. ரைடு போய்விட்டுக் கோட்டைத் தொட எட்டினேன், நீட்டிய கையைப் பின்னால் இருந்து ஒருவர் பிடித்து இழுத்தார். தோளின் உருண்டை, அதாவது மேல் கை எலும்பின் தலை, முன்பக்கமாக இறங்கிவிட்டது. சட்டையைக் கழற்றிப் பார்த்தால் தோள் உருண்டையாக இல்லை, தகரத்தை மடித்த மாதிரி சதுரமாக இருந்தது.

மாங்காய்க்குக் கல் எறியக் கையை ஓங்குவோமே, அந்த நிலைதான் ஆபத்தான நிலை. கை மேலே, உள்ளங்கை முன்னால் பார்த்து, முழங்கை பின்னால். அந்த நிலையில் யாராவது கையைப் பின்னுக்குத் தள்ளினால் மூட்டு முன்பக்கம் நழுவும். தோள் கழல்வதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் இப்படி முன்பக்கமாகத்தான்.

பயிற்சி போதும் என்பது என் எண்ணம். நான் 9 வருடம் ஆபரேஷன் இல்லாமல் ஓட்டினேன்.

18 ஜனவரி 2024, இரவு

காலையில் அவசரமாக எழுதிவிட்டேன். கடைசி இரண்டு வரியை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். 9 வருடம் ஓட்டினேன் என்பது உண்மை. அந்த 9 வருடத்தில் என்ன நடந்தது என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். தோட்டத்தில் மிளகு பறிப்பு நடக்கிறது, உட்கார்ந்து எழுத நேரம் இல்லை. ஞாயிறன்று எழுதுகிறேன்.

அதற்குள் ஒன்று பார்த்து வையுங்கள். மேல் கையின் வெளிப்பக்கம், சட்டைக் கை மறைக்கும் இடத்தில், தொட்டால் உணர்ச்சி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா? மரத்துப் போயிருந்தால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

21 ஜனவரி 2024

முதலில் மூட்டு எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன், அது புரிந்தால் மற்றது தானாகப் புரியும்.

இடுப்பு மூட்டு ஆட்டுக்கல்லும் குழவியும் போல. உருண்டை குழிக்குள் ஆழமாக உட்கார்ந்திருக்கும், லேசில் வெளியே வராது. தோள் மூட்டு அப்படி இல்லை. சோடா பாட்டில் மூடிமேல் எலுமிச்சம்பழம் வைத்த மாதிரி. எந்த நேரத்திலும் உருண்டையில் நாலில் ஒரு பங்கு அல்லது மூன்றில் ஒரு பங்குதான் குழியைத் தொட்டுக்கொண்டிருக்கும். கையை எல்லாப் பக்கமும் சுழற்ற முடிவது அதனால்தான், கழல்வதும் அதனால்தான்.

பழம் உருண்டு விழாமல் எது பிடிக்கிறது? குழியின் விளிம்பைச் சுற்றி வாஷர் மாதிரி ஒரு வளையம் இருக்கிறது, லேப்ரம் என்பார்கள். குழியின் ஆழத்தில் ஏறக்குறைய பாதி அந்த வளையம் கொடுப்பது. அதோடு மூட்டைச் சுற்றிய உறையும் தசைநார்களும். அப்புறம் ரொட்டேட்டர் கஃப் என்ற நாலு தசைகள், முன்னும் மேலும் பின்னும் இருந்து உருண்டையைக் குழிக்குள் அழுத்திப் பிடிக்கின்றன.

இதில் தசைகளை மட்டும்தான் பயிற்சியால் வலுவாக்க முடியும். கிழிந்த வளையம் பயிற்சியால் ஒட்டாது. என் மகளுக்குப் பயிற்சி சொல்லிக் கொடுக்கும் பிசியோ சொல்லித்தான் இந்த ஒரு வரி எனக்குத் தெரிந்தது, அதுவும் 2022இல். 2004இல் யாராவது சொல்லியிருந்தால் என்று இன்றும் நினைக்கிறேன்.

21 ஜனவரி 2024, மறுபடியும்

இழுத்து உட்கார வைப்பது பற்றி.

இரண்டாவது தடவை கழன்றது 2005இல், தோட்டத்தில் ஏணியில் நின்று எட்டும்போது. எங்கள் பக்கம் மிளகுக்கொடி சில்வர் ஓக் மரத்தில் ஏறியிருக்கும், உச்சிக் கொடியைப் பறிக்கக் கையைத் தலைக்கு மேலே நீட்டித்தான் ஆக வேண்டும். மலையிலிருந்து இறங்க நேரமாகும் என்று பக்கத்து ஊர் வைத்தியரிடம் கூட்டிப் போனார்கள். என்னைப் படுக்க வைத்து, அக்குளில் குதிகாலை ஊன்றி, கையைப் பிடித்து இழுத்தார். உட்கார்ந்துவிட்டது. ஆனால் மேல் கையின் வெளிப்பக்கம் உள்ளங்கை அளவுக்கு மரத்துப் போய், சரியாக நாலு மாதம் ஆனது. அங்கே அக்குளைச் சுற்றிக்கொண்டு போகிற நரம்பு ஒன்று இருக்கிறது. அது கழலும்போதே நசுங்கியதா, இழுத்தபோது நசுங்கியதா என்று எனக்கு இப்போதும் சொல்ல முடியாது. முன்னாலேயே ஒருவர் தொட்டுப் பார்த்துக் குறித்து வைத்திருந்தால் தெரிந்திருக்கும்.

குதிகால் ஊன்றி இழுக்கும் முறை ஹிப்போக்ரட்டீஸ் காலத்திலிருந்தே வருவது, அதனால் அதையே தப்பு என்று சொல்ல மாட்டேன். எக்ஸ்ரே எடுக்காமல் இழுப்பதுதான் தப்பு. உருண்டையின் கழுத்தில் விரிசல் இருந்து, அதோடு இழுத்தால், விரிசல் முழு முறிவாகும். ஆஸ்பத்திரியில் படம் எடுத்து, வலிக்கு மருந்து கொடுத்து, தசை தளர்ந்த பிறகு மெதுவாகச் செய்வார்கள். குப்புறப் படுக்க வைத்துக் கையைக் கீழே தொங்கவிட்டு, மணிக்கட்டில் எடை கட்டி விடுவதும் ஒரு முறை. அதில் முரட்டு பலம் எதுவும் தேவைப்படாது.

மறுபடி கழன்றால்: யாரையும் இழுக்க விடாதீர்கள். கை எந்த நிலையில் வலி குறைவாக இருக்கிறதோ அப்படியே துண்டால் உடம்போடு சேர்த்துத் தாங்கி, ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விரல் நுனி வெளுக்கிறதா, கை ஜில்லென்று ஆகிறதா, விரல்களை அசைக்க முடியாமல் போகிறதா என்று வழியில் பார்த்துக்கொண்டே போங்கள். அப்படி ஏதாவது இருந்தால் அது நிமிடக்கணக்கு அவசரம். சாப்பிடக் கொடுக்க வேண்டாம், மயக்க மருந்து தேவைப்படலாம்.

24 ஜனவரி 2024

ஸ்லிங், அதாவது கையைக் கழுத்தில் தொங்கவிடும் பட்டை, எத்தனை நாள் என்று கேட்டிருந்தீர்கள். சாதாரணமாக 1 முதல் 3 வாரம். ஆறு வாரம் கட்டி வைத்தால் திரும்பக் கழலாது என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது, அது சரியில்லை. கட்டி வைத்த நாள் கூடுவதால் பெரிய வித்தியாசம் வருவதில்லை, தோள்தான் இறுகிப் போகும்.

28 ஜனவரி 2024

18ஆம் தேதி காலை எழுதியதை இன்று முழுசாகத் திருத்துகிறேன். அக்கா, இதைத்தான் நீங்கள் முக்கியமாகப் படிக்க வேண்டும்.

2013இல் சேலத்திலிருந்து ஏற்காடு பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தேன். மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். மேல் கம்பியை இடது கையால் பிடித்திருந்தேன். ஒரு வளைவில் வண்டி திரும்பியபோது கூட்டம் என்மேல் சாய்ந்தது, தோள் கழன்றுவிட்டது. யாரும் இழுக்கவில்லை, நான் விழவும் இல்லை. கம்பியைப் பிடித்து நின்றதற்கே கழன்றது. அது ஏழாவது தடவை. அதற்கு முன் ஆறாவது தடவை தூக்கத்திலேயே கழன்றிருந்தது, கையைத் தலைக்குக் கீழே மடித்துப் படுத்ததற்கு.

அப்போதுதான் எம்.ஆர்.ஐ.யும் சி.டி.யும் எடுத்தேன். குழியின் முன்பக்கம் வளையம் பிய்ந்திருந்தது. லண்டன் அறுவை மருத்துவர் பேங்கார்ட் 1923இலேயே எழுதிய காயம் இது, அவர் பெயரால்தான் இன்றும் ரிப்போர்ட்டில் எழுதுகிறார்கள். உருண்டையின் பின்பக்கம் ஒரு பள்ளம் இருந்தது. உருண்டை வெளியே வரும் ஒவ்வொரு தடவையும் அதன் மெத்தென்ற பின்பக்கம் குழியின் கெட்டியான விளிம்பில் மோதி நசுங்குகிறது. அதற்குப் பெயர் ஹில்-சாக்ஸ், 1940இல் அதை விவரித்த இரண்டு எக்ஸ்ரே மருத்துவர்களின் பெயர். அதோடு குழியின் முன் விளிம்பு எலும்பே தேய்ந்து போயிருந்தது. பாட்டில் மூடியின் ஒரு ஓரத்தை அரத்தால் ராவிவிட்டால் எலுமிச்சை எப்படி நிற்கும்?

கழன்றது திரும்ப உட்கார்ந்ததும் வலி போய்விடுகிறது, அதனால் குணமாகிவிட்டது என்று நினைக்கிறோம். நானும் ஆறு தடவை அப்படித்தான் நினைத்தேன். ஒவ்வொரு தடவையும் உள்ளே கொஞ்சம் எலும்பு போய்க்கொண்டிருந்தது, அது வலிக்கவே இல்லை. முதல் ஒன்றிரண்டு தடவையிலேயே பார்த்திருந்தால் சின்னத் துளை போட்டு, கேமரா விட்டு, வளையத்தைத் திரும்பத் தைத்திருப்பார்கள். எலும்பு இவ்வளவு போன பிறகு அந்தத் தையல் மட்டும் நிற்காது என்றார் மருத்துவர். குழியின் அகலத்தில் 20, 25 சதவீதம் போய்விட்டால் வேறு வழி பார்க்க வேண்டும்.

எனக்குச் செய்தது லாட்டர்ஜே ஆபரேஷன். பிரான்ஸில் அந்தப் பெயருடைய மருத்துவர் 1954இல் சொன்னது. தோளின் முன்பக்கம் காக்கை மூக்கு மாதிரி ஒரு எலும்பு நீட்டிக்கொண்டிருக்கும். அதன் நுனியை, அதில் ஒட்டிய தசைநாரோடு வெட்டி எடுத்து, குழியின் தேய்ந்த விளிம்பில் வைத்து ஸ்க்ரூ போட்டு முடுக்குவார்கள். எலும்பு இடத்தை நிரப்புகிறது, கையைத் தூக்கும்போது தசைநார் முன்பக்கம் தொட்டில் மாதிரி தாங்குகிறது. 2013க்குப் பிறகு ஒரு தடவைகூடக் கழலவில்லை. கையை வெளிப்பக்கமாகத் திருப்புவது மட்டும் வலது கையைவிடக் கொஞ்சம் குறைவு.

உங்கள் மகனுக்கு 20 வயது, மோதி ஆடும் விளையாட்டு, மூன்று தடவை ஆகிவிட்டது. இந்த மூன்றும் சேர்ந்தால் திரும்பவும் கழலும் வாய்ப்பு ரொம்ப அதிகம். இருபதை ஒட்டிய வயதில் ஆடுகிற பையன்களுக்கு முதல் தடவைக்குப் பிறகே பாதிப் பேருக்கு மேல் திரும்பக் கழல்கிறது. ஸ்கேன் எடுக்காமல் பயிற்சி போதும் என்று முடிவு செய்யாதீர்கள். நான் 18ஆம் தேதி காலை சொன்னது தப்பு.

2 பிப்ரவரி 2024

செலவு பற்றிக் கேட்டிருந்தீர்கள். எனக்கு ஆனது பழைய கணக்கு, இப்போது பொருந்தாது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், பெரிய ஆஸ்பத்திரியில் காப்பீட்டுப் பிரிவில் முதலில் கேளுங்கள். எலும்பு பிரிவுக்கு ஓ.பி.யில் காலையிலேயே போய்விடுங்கள்.

11 பிப்ரவரி 2024

இங்கே இன்னொருவர் கேட்டிருக்கிறார்: தன் மகளுக்கு விழாமல், அடிபடாமல் தோள் நழுவுகிறது, அவளுக்கும் நான் ஆபரேஷன்தான் சொல்வேனா என்று. இல்லை. அது வேறு சமாச்சாரம், என் வீட்டிலேயே இருக்கிறது.

என் மகளுக்கு 14 வயது, பள்ளியில் வாலிபால் ஆடுகிறாள். அவளுக்கு எல்லா மூட்டும் தளர்வு. கட்டை விரலை மடக்கினால் முன்கையைத் தொடும், சுண்டு விரலைப் பின்னால் தள்ளினால் செங்குத்தைத் தாண்டிப் போகும், முழங்கையும் முழங்காலும் பின்பக்கம் வளையும், முட்டி மடக்காமல் குனிந்து உள்ளங்கையைத் தரையில் பதிப்பாள். இதற்கு 9 மதிப்பெண் வைத்து ஒரு கணக்கு இருக்கிறது, பெய்ட்டன் கணக்கு. அவளுக்கு 7. முழங்கையைப் பிடித்து மெதுவாகக் கீழே இழுத்தால் தோள் முனைக்குக் கீழே ஒரு குழி விழும். அடிபட்டுக் கிழிந்ததல்ல, உறையே பெரிதாக இருக்கிறது. முன்னாலும் நழுவும், பின்னாலும் நழுவும், கீழேயும் நழுவும்.

இவர்களுக்குப் பயிற்சிதான் முதல் மருந்து. குறைந்தது ஆறு மாதம், விடாமல். கத்தியை எடுப்பது கடைசியில். 2022இல் ஆரம்பித்தோம். முதல் மூன்று மாதம் ஒரு மாற்றமும் தெரியவில்லை, அழுதாள், நானும் சோர்ந்து போனேன். நாலாவது மாதம் பள்ளிப் பையை மாட்டும்போது நழுவவில்லை என்று அவளே வந்து சொன்னாள்.

என்ன செய்தாள்? முழங்கையை விலாவோடு ஒட்டி, இடுக்கில் சுருட்டிய துண்டு வைத்து, பழைய சைக்கிள் ட்யூப்பை ஜன்னல் கம்பியில் கட்டி, முன்கையை வெளிப்பக்கம் இழுப்பது. அப்புறம் உள்பக்கம். சுவரில் கை ஊன்றித் தள்ளுவது. முதுகில் இறக்கை மாதிரி இருக்கும் பட்டை எலும்புகள் இரண்டையும் சேர்த்துப் பின்னுக்கு இழுத்துப் பிடிப்பது. பாட்டில் மூடியே ஆடிக்கொண்டிருந்தால் மேலே எலுமிச்சை நிற்காது, அதனால் அந்தப் பட்டை எலும்புப் பயிற்சியைத்தான் பிசியோ அதிகம் வலியுறுத்தினார். இழுப்பது மெதுவாக, விடுவது அதைவிட மெதுவாக. கை தோள் உயரத்துக்குக் கீழேயே இருக்கும் பயிற்சிகள் முதலில், தலைக்கு மேலே போவதெல்லாம் மாதங்கள் கழித்து.

இன்னொன்று: தளர்வு உள்ள பிள்ளைகள் தோளைத் தாங்களாகவே நழுவவிட்டு நண்பர்களுக்கு வித்தை காட்டுவார்கள். என் மகளும் காட்டினாள். அதை உடனே நிறுத்தச் சொல்லுங்கள், தசை அந்தத் தப்பான இழுப்பையே பழக்கமாக்கிக்கொள்ளும்.

11 பிப்ரவரி 2024, சின்னத் திருத்தம்

மேலே எழுதியதைப் படித்து, அடிபட்டுக் கழன்றவர்களுக்குப் பயிற்சியே வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். ஆபரேஷனுக்கு முன்னும் வேண்டும், பின்னும் வேண்டும். நாற்பது வயதுக்காரர் முதல் தடவை கழன்று, மோதல் விளையாட்டு எதுவும் ஆடாதவர் என்றால், பலருக்கு ஸ்லிங்கும் பயிற்சியுமே போதும். ஆனால் அந்த வயதில் வேறொரு ஆபத்து. கழலும்போது ரொட்டேட்டர் கஃப் தசை பிய்ந்துவிடும். மூட்டு உட்கார்ந்து ஒன்றிரண்டு வாரம் ஆகியும் கையைத் தானாகத் தூக்க முடியவில்லை என்றால் காத்திருக்காமல் ஸ்கேன் எடுக்க வேண்டும்.

3 மார்ச் 2024

அம்மாபேட்டையில் எனக்கு மாமா முறையில் ஒருவர், தறிக்காரர். போன வருடம் வலிப்பு வந்து எழுந்தபின் தோள் வலி. கையை வெளிப்பக்கம் திருப்ப முடியவில்லை. சர்க்கரை நோய் இருந்ததால் தோள் இறுக்கம் என்று ஒரு இடத்தில் ஆறு வாரம் மின்சார ஒத்தடம் கொடுத்தார்கள். கடைசியில் பார்த்தால் மூட்டு பின்பக்கமாகக் கழன்றிருந்தது.

வலிப்போ மின்சார ஷாக்கோ வந்தபின் தோள் வலித்தால் இதை நினைவில் வையுங்கள். அந்த நேரம் தசைகள் எல்லாம் ஒரே சமயம் சுருங்கி உருண்டையைப் பின்னுக்குத் தள்ளிவிடும். நேர் எக்ஸ்ரேயில் சில சமயம் சரியாகவே இருப்பது போலத் தெரியும், பக்கவாட்டுப் படமும் எடுத்தால்தான் பிடிபடும். கை உள்பக்கம் திரும்பிப் பூட்டிக்கொண்ட மாதிரி இருப்பதுதான் அடையாளம். விசைத்தறியும் மின்சாரமும் இருக்கிற ஊர் இது, அதனால் எழுதி வைக்கிறேன்.

17 மார்ச் 2024

உங்கள் மகனின் எம்.ஆர்.ஐ. பற்றி எழுதியதைப் படித்தேன் அக்கா. முன்பக்க வளையம் கிழிந்திருக்கிறது, எலும்புத் தேய்வு குறைவு. வருத்தப்படாதீர்கள், இது நல்ல செய்தி. நான் விட்டுவிட்ட கட்டத்தில் நீங்கள் இருக்கிறீர்கள்.

சி.டி. எடுக்கச் சொன்னார்களா? எலும்புத் தேய்வை அளக்க அதுதான் சரியானது. குழியில் எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். பின்பக்கப் பள்ளம் கை தூக்கும்போது விளிம்பில் மாட்டுமா என்றும் கேளுங்கள். மாட்டும் என்றால் வளையத்தைத் தைப்பதோடு அந்தப் பள்ளத்தையும் தசைநாரால் நிரப்புவார்கள். அவன் கபடிக்குத் திரும்ப நினைக்கிறான் என்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். எந்த ஆபரேஷன் என்பதே அதைப் பொறுத்துத்தான்.

26 மே 2024

சேர்வராயன் கோவில் திருவிழாக் கூட்டத்தில் போய் வந்தேன். பழக்கதோஷம், இன்றும் கூட்டத்தில் இடது கையை வயிற்றோடு மடக்கி வைத்துக்கொள்கிறேன். 11 வருடம் ஆகிவிட்டது, தோளுக்கு ஒன்றுமில்லை, மனசுதான் இன்னும் நம்பவில்லை. உங்கள் மகனுக்கும் இந்தப் பயம் இருக்கும். மருத்துவர் கையை ஓங்கிய நிலைக்குக் கொண்டு போகும்போது முகம் சுருங்கி "வேண்டாம் சார்" என்று கையைப் பிடித்துக்கொள்வான். வலியைவிட அந்தப் பயத்தைத்தான் அந்தச் சோதனையில் பார்க்கிறார்கள். பயப்படுகிறான் என்று அவனை வீட்டில் கேலி செய்ய விடாதீர்கள்.

30 ஜூன் 2024

ஆபரேஷன் தேதி கிடைத்தது நல்லது. தையல்தான், எலும்பு மாற்றம் வேண்டாம் என்றார்களாம். மனசு நிறைந்தது.

14 ஜூலை 2024

ஆபரேஷனுக்குப் பிறகு எத்தனை நாளில் வண்டி ஓட்டலாம் என்று அவனே கேட்டிருக்கிறான். தம்பி, நாலு முதல் ஆறு வாரம் ஸ்லிங். அதுவரைக்கும் பைக் வேண்டாம், பின்னால் உட்கார்ந்து போவதும் வேண்டாம். ஓமலூர் ரோட்டில் ஒரு பள்ளம் போதும். கபடிக்கு ஆறு மாதத்துக்கு முன்னால் பேச்சே இல்லை, அதுவும் இரண்டு தோளின் பலமும் ஒரே அளவு என்று பிசியோ அளந்து சொன்ன பிறகு. விரல், மணிக்கட்டு, முழங்கையை முதல் நாளிலிருந்தே அசைத்துக்கொண்டிரு, அவை இறுகக் கூடாது.

தூங்கும்போது சாய்ந்த மாதிரி, முழங்கைக்குக் கீழே தலையணை வைத்துப் படு. டி-ஷர்ட்டை எல்லாம் எடுத்து வைத்துவிடு. முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை மட்டும். போடும்போது ஆபரேஷன் ஆன கையை முதலில் நுழை, கழற்றும்போது அதைக் கடைசியாக எடு. அக்குளில் வியர்த்துப் புண்ணாகும், முன்னால் குனிந்து கையைத் தொங்கவிட்டு அம்மாவைத் துடைத்துவிடச் சொல்.

அக்கா, பட்டன் சட்டை ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள். ஸ்லிங்குக்கு மேலேயே போட்டுக்கொள்ள முடியும்.